விமான நிலையம் மைனஸ் 38 என்கிறது, என் வேலிக் கம்பம் மைனஸ் 46 என்கிறது: எதை நம்புவது?

கேள்வி: ஆற்றோரம்

வணக்கம். கனடாவின் யூகான் பகுதியில், வைட்ஹார்ஸ் நகரத்துக்கு மேற்கே டகினி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறேன். எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். காலையில் எழுந்ததும் முதல் வேலை, ஜன்னலோரம் இருக்கும் சின்னத் திரையைப் பார்த்து அன்றைய வெப்பநிலையை நோட்டில் எழுதுவது. போன நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட விட்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை 6.40க்குத் திரையில் மைனஸ் 46.2. அதே நேரத்தில் விமான நிலையத்தின் கணக்கு மைனஸ் 38. வண்டியை எடுத்தபோது அதன் திரையில் மைனஸ் 41. பள்ளத்தாக்கிலிருந்து மேட்டில் ஏற ஏற மைனஸ் 39, 37, 34 என்று எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஏறினால் குளிர் கூடும் என்றுதானே படித்திருக்கிறோம்? இங்கே மேலே போனால் வெதுவெதுப்பு, கீழே வந்தால் நடுக்கம்.

என் வெப்பமானி சாதாரண டிஜிட்டல் வகை. அதன் உணரியை வீட்டிலிருந்து 12 மீட்டர் தள்ளி வேலிக் கம்பத்தில் கட்டியிருக்கிறேன். வீட்டுச் சூடு படக்கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு தூரம். பனிக்கு மேலே இடுப்பளவு உயரம் இருக்கும். மேலே மூடி எதுவும் இல்லை.

வெறும் ஆர்வத்துக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. என் மகனுக்கு 9 வயது. பள்ளிப் பேருந்துக்காகச் சாலை முனையில் இருட்டில் நிற்கிறான். சில நாள் பேருந்து வர 10 நிமிடம் தாமதமாகும். அவனை அனுப்பலாமா வேண்டாமா என்று நான் முடிவு செய்வது அறிவிப்பில் வரும் விமான நிலைய எண்ணை வைத்துத்தான். அது எங்கள் முனைக்குப் பொருந்தாது என்றால் இவ்வளவு நாள் தப்பான எண்ணை வைத்து முடிவு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு நாளாக அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று. பக்கத்தில் இருக்கும் பெரியவர், "இந்தப் பள்ளத்தாக்கில் ஸ்னாக் சாதனையை விடக் குளிர்ந்த இரவுகளை நான் பார்த்திருக்கிறேன், அளக்கத்தான் யாரும் இல்லை" என்கிறார். யூகானிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை பதிவான இடம்தான் ஸ்னாக். அப்படி நடந்திருக்க வாய்ப்பு உண்டா?

பதில் 1: பழைய அளவர்

தங்கச்சி, நீங்கள் நோட்டில் எழுதி வைத்திருப்பதைப் படித்ததும் மனது நிறைந்துவிட்டது. வடக்கே ஒரு வானிலை நிலையத்தில் 11 ஆண்டு இதே வேலையைச் செய்தவன் நான். 3 மணிக்கு ஒருமுறை டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய் வெப்பமானியைப் படிக்க வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மேடு பள்ளம். நீங்கள் பார்த்தது வெப்பத் தலைகீழ் மாற்றம். உங்கள் ஊரில் இப்போது பகல் 6 மணி நேரத்துக்கும் குறைவு, சூரியன் அடிவானத்தை ஒட்டியே போய்விடும். பனி போர்த்திய தரை இரவெல்லாம் தன் சூட்டை வானத்துக்குக் கதிர்வீசிக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் பாதியாவது திரும்பி வரும். தெளிந்த வானம் என்றால் போனது போனதுதான். தரை குளிர்ந்து, அதைத் தொட்ட காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, அது தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். காற்று அசையாத வரை அந்தத் தேக்கம் கலையாது. உங்கள் வீடு அந்தக் குளத்தின் அடியில் இருக்கிறது. வைட்ஹார்ஸ் விமான நிலையமோ நகரத்துக்கு மேலே களிமண் மேட்டின் மீது இருக்கிறது. ஆகவே உங்கள் முனை விமான நிலையத்தை விடக் குளிர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாளைக் காலை பக்கத்து வீட்டுப் புகைபோக்கியைப் பாருங்கள். புகை நேராக ஏறி, ஒரு மட்டத்துக்கு வந்ததும் கூரை போட்டது போல் பக்கவாட்டில் பரவினால், குளத்தின் மேல்மட்டம் அதுதான்.

ஆனால் 8 டிகிரி வித்தியாசம் முழுவதும் உண்மையா என்றால், இல்லை என்பேன். உங்கள் உணரிக்கு மேலே மூடி இல்லை என்கிறீர்கள். அப்படியானால் பனித்தரை செய்வதையே அதுவும் செய்கிறது, தன் சூட்டை வானத்துக்கு இழந்து சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ந்துபோகிறது. காற்றே வீசாத இரவில் இந்தப் பிழை ஓரிரு டிகிரிக்கு மேலேயே போகும். போதாததற்கு அது பனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பனியின் மேற்பரப்பை ஒட்டிய காற்றுக்கும் தலை உயரத்துக் காற்றுக்கும் அத்தகைய இரவில் கணிசமான வித்தியாசம் இருக்கும். வானிலை நிலையங்களில் தரையிலிருந்து ஏறத்தாழ 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், காற்று புகும் சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானியை வைப்பது இதனால்தான். வண்டியின் எண்ணை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதன் உணரி முன்பக்க பம்பருக்குப் பின்னால் எஞ்சின் சூட்டோடு இருக்கிறது.

செய்ய வேண்டியது இது. உணரியைத் தலை உயரத்துக்கு ஏற்றுங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு நாலைந்தை இடைவெளி விட்டு அடுக்கி அதற்குக் கூரை போடுங்கள். அதற்கு முன் ஒரு சோதனை: பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழ் மாதிரி ஆக்கி, நீர் புகாத பைக்குள் உணரியைப் போட்டு அதில் கால் மணி நேரம் புதைத்து வையுங்கள். திரை 0 காட்ட வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி லித்தியமா என்றும் பாருங்கள். சாதாரண ஆல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது நீர் கலந்த கரைசல், இந்தக் குளிரில் அது வேலை செய்யாது. அப்புறம், மலிவான உணரிகளில் பலவற்றுக்கு மைனஸ் 40தான் எல்லை. அதற்குக் கீழே அது காட்டும் புள்ளிக்குப் பின்னான எண்ணை நான் நம்பமாட்டேன்.

இப்போது ஸ்னாக். இந்தக் கதையை யாராவது கேட்டால் எனக்கு உட்காரவே முடியாது. உங்கள் யூகானிலேயே, அலாஸ்கா எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விமானத் தளம். 1947 பிப்ரவரி 3 காலை, வானம் தெளிவு, காற்று இல்லை. வெப்பமானியில் இருந்தது ஆல்கஹால். பாதரசம் மைனஸ் 39லேயே உறைந்துவிடும், அது அங்கே உதவாது. கண்ணாடியில் பொறித்திருந்த கடைசிக் கோடு மைனஸ் 80 பாரன்ஹீட், அதாவது மைனஸ் 62.2. திரவம் அந்தக் கோட்டையும் தாண்டிக் கீழே போய்விட்டது. படிக்க எண்ணே இல்லை. அன்று அங்கே வெப்பமானியைப் படித்த அளவர் செய்ததுதான் எனக்கு இன்றுவரை பாடம்: திரவம் நின்ற இடத்தில் கண்ணாடி மேலேயே ஒரு கீறல் போட்டார். அந்த வெப்பமானி டொராண்டோவுக்குப் போனது. அங்கே சோதித்துப் பிழையைத் திருத்திய பிறகுதான் மைனஸ் 63.0 என்று ஏற்றார்கள். அலாஸ்காவும் சேர்த்து, வட அமெரிக்கக் கண்டத்தின் நிலப்பரப்பில் இன்றும் அதுதான் மிகக் குறைந்த எண்.

அன்று அங்கே இருந்தவர்கள் சொன்னவற்றில் ஒன்று உங்களுக்குப் பயன்படும். சுமார் 6 கிலோமீட்டர் தள்ளியிருந்த கிராமத்தில் ஆட்கள் பேசியதும் நாய்கள் குரைத்ததும் தெளிவாகக் கேட்டதாம். இதற்கும் காரணம் அந்தத் தலைகீழ் மாற்றம்தான். மேலே வெதுவெதுப்பான காற்றில் ஒலி வேகமாகப் போகும், கீழே குளிரில் மெதுவாகப் போகும். அதனால் மேலே கிளம்பிய ஒலி வளைந்து தரைக்கே திரும்பி வரும். உங்கள் முனையில் நெடுஞ்சாலை லாரிச் சத்தம் வழக்கத்தை விடப் பக்கத்தில் கேட்கும் காலை, குளிர் அடியில் தேங்கிக் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, தான் போன வழியில் தன் மூச்சு வெண்கோடாக அப்படியே தொங்குவதைப் பார்த்திருக்கிறார். அவ்வளவு அசைவற்ற காற்று.

பெரியவர் சொன்னது நடந்திருக்கலாம். அதே நாள் ஃபோர்ட் செல்கிர்க்கில் மைனஸ் 65 என்று சொன்னார்கள், உறுதிப்படுத்த முடியாததால் அது கணக்கில் சேரவில்லை. யூகானின் இன்னொரு ஊரான மேயோவின் மைனஸ் 62.2 சேர்ந்தது. சாதனை என்பது குளிர் எவ்வளவு இருந்தது என்பதோடு, அந்த இடத்தில் அந்த நிமிடத்தில் சரியான கருவியும் அதைப் படிக்க ஓர் ஆளும் இருந்தாரா என்பதையும் பொறுத்தது.

பதில் 2: ஃபேர்பேங்க்ஸ் மேட்டுவாசி

அலாஸ்காவிலிருந்து எழுதுகிறேன். மேலே அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். இதை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டது.

வீட்டுக்கு வெளியே புரோபேன் எரிவாயுத் தொட்டி இருந்தால் கவனமாக இருங்கள். புரோபேனின் கொதிநிலை மைனஸ் 42. தொட்டி அந்த அளவுக்குக் குளிர்ந்துவிட்டால் திரவம் ஆவியாகாது, குழாயில் அழுத்தமே இருக்காது. நான் முதலில் குடியிருந்தது ஊருக்குக் கீழே, செனா ஆற்றுச் சமவெளியில். அறிவிப்பில் மைனஸ் 37 என்று கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அதிகாலை 4 மணிக்கு வீடு சில்லென்று ஆகி எழுந்தேன், ஹீட்டர் அணைந்து கிடந்தது. தொட்டியில் பாதிக்கு மேல் எரிபொருள் இருந்தது, வரத்தான் மறுத்தது. என் முற்றத்தில் மைனஸ் 45. போர்வைகளோடு மனைவியையும் குழந்தையையும் வண்டியில் ஏற்றி, மேட்டில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போனோம். எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் இரவெல்லாம் மின்சாரத்தில் இருந்ததால் வண்டி கிளம்பியது. டயர்கள் அடிப்பக்கம் தட்டையாக இறுகி, முதல் சில நிமிடங்கள் சதுரச் சக்கரத்தில் போவது போல் தடதடத்தது. நண்பர் வாசலில் மைனஸ் 29. அடுத்த வேனிலில் நாங்களும் மேட்டுக்குக் குடி மாறினோம்.

அதனால், அந்த 8 டிகிரி வித்தியாசத்தை அலட்சியமாக விடாதீர்கள். மைனஸ் 38க்கும் மைனஸ் 46க்கும் நடுவில்தான் பல விஷயங்கள் நின்றுபோகின்றன.

ஆற்றோரம்:

இருவருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் விறகு அடுப்பும் எண்ணெய் ஹீட்டரும்தான், ஆனால் எதிர்வீட்டில் புரோபேன் தொட்டி இருக்கிறது. இன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்களுக்கு இது தெரியவில்லை.

அண்ணா, இன்னும் ஒன்று கேட்கவேண்டும். சைபீரியாவின் ஒய்மியாகோனில் மைனஸ் 71.2 என்று எழுதிய நினைவுச்சின்னத்தின் படம் பார்த்தேன். அப்போது உலகத்தின் வடபாதியில் அதுதானே மிகக் குறைந்தது? வேறு இடங்களில் வேறு எண் போட்டிருக்கிறதே.

அப்புறம், மகன் விஷயத்துக்கு யாராவது பதில் சொல்லுங்கள். எத்தனை நிமிடம்?

பதில் 3: இரவுப்பணிச் செவிலி

நிமிடக் கணக்கு நான் சொல்கிறேன். கனடாவின் வானிலைத் துறை வைத்திருக்கும் அட்டவணை விண்ட் சில் எண்ணை வைத்தது, அதாவது காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குளிர். உங்கள் பள்ளத்தாக்கில் காற்றே இல்லாத காலையில் வெப்பநிலையையே அந்த எண்ணாக எடுத்துக்கொள்ளலாம். மைனஸ் 28 முதல் 39 வரை மூடாத தோல் உறைய 10 முதல் 30 நிமிடம். மைனஸ் 40 முதல் 47 வரை 5 முதல் 10 நிமிடம். மைனஸ் 48 முதல் 54 வரை 2 முதல் 5 நிமிடம்தான். பாருங்கள், விமான நிலைய எண்ணை நம்பினால் உங்கள் மகன் முதல் வரியில் இருக்கிறான், உங்கள் முனையின் எண்படி இரண்டாவது வரியில் இருக்கிறான். பேருந்து 10 நிமிடம் தாமதம் என்றால் அது பெரிய வித்தியாசம். உங்கள் கருவி குளிரை ஓரிரு டிகிரி கூட்டிச் சொன்னாலும் பரவாயில்லை, பிள்ளைக்குக் குளிர்ந்த எண்ணையே எடுங்கள்.

அவன் மூக்கு நுனி, கன்னம், காது மடல் மூன்றையும் மூடுங்கள். கையுறையில் விரல் பிரித்ததை விட நான்கு விரலும் ஒன்றாகப் போகும் வகை நல்லது. கன்னத்தில் மெழுகு போல வெளிறிய திட்டு தெரிந்து, "வலிக்கலை, ஒண்ணுமே தெரியலை" என்று அவன் சொன்னால் அதுதான் ஆபத்தின் தொடக்கம். முதலில் குத்திய வலி நின்றுவிட்டதே என்று குழந்தைகள் சந்தோஷப்படுவார்கள். நீங்கள் சந்தோஷப்படாதீர்கள். கண்டிப்பாகத் தேய்க்கக் கூடாது. பனியால் தேய்க்கும் பழைய வழக்கம் தோலைக் கிழித்துவிடும். உள்ளே கூட்டி வந்து வெறும் உள்ளங்கையை வைத்து மூடுங்கள். விரல் என்றால் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வையுங்கள், அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், உணர்வில்லாத தோல் வெந்தாலும் தெரியாது. நிறம் திரும்பாவிட்டால், கொப்புளம் வந்தால், உடனே மருத்துவமனை. வண்டியில் சூட்டைப் போட்டுப் பேருந்து வரும் வரை உள்ளே உட்கார வைக்க முடியுமென்றால், நான் வேறு எதையும் யோசிக்கமாட்டேன்.

பழைய அளவர்:

செவிலி அம்மா சொன்னதை அப்படியே செய்யுங்கள்.

ஒய்மியாகோன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மைனஸ் 71.2 அளந்த எண் இல்லை. புவியியலாளர் ஒப்ருச்செவ் 1926இல் அந்தப் பக்கம் பயணம் போனவர். இருந்த தகவலை வைத்து அவர் கணக்குப் போட்டுச் சொன்ன மதிப்பீடு அது. வெப்பமானியில் கண்ணால் படித்தது 1933 பிப்ரவரி 6இல், மைனஸ் 67.7. சைபீரியாவின் இன்னொரு ஊரான வெர்கோயான்ஸ்க் அதற்கும் முன்பே, 1892 பிப்ரவரியில், மைனஸ் 67.8. இரண்டு ஊரும் ஒரு பத்தில் ஒரு டிகிரிக்காக இன்றும் போட்டி போடுகின்றன. இரண்டுமே உங்கள் வீடு மாதிரிதான், மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. வட துருவம் இவ்வளவு குளிர்வதில்லை. அங்கே பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருக்கிறது, அதன் சூடு கசிந்துகொண்டே இருக்கும். சைபீரியாவின் உள்நிலத்துக்கு அந்த உதவி கிடையாது. அதே நிலம் கோடையில் கொதிக்கவும் செய்யும். வெர்கோயான்ஸ்கில் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி. ஒரே ஊர் ஏறத்தாழ 106 டிகிரி இடைவெளியைப் பார்த்திருக்கிறது!

ஆனால் வடபாதியின் முதலிடம் இப்போது இந்த இரண்டு ஊருக்கும் இல்லை. கிரீன்லாந்தின் உச்சிக்குப் பக்கத்தில், 3,105 மீட்டர் உயரத்தில், கிளிங்க் என்ற தானியங்கி நிலையம் 1990களின் தொடக்கத்தில் இரண்டு ஆண்டு மட்டும் இயங்கியது. 1991 டிசம்பர் 22 அன்று அது மைனஸ் 69.6 பதிவு செய்தது. பக்கத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. அந்த எண் தரவுக்குள் கிடந்தது. கருவியை 1994இல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து சோதித்த குறிப்புகள் பத்திரமாக இருந்ததால்தான் பின்னால் அதைச் சரிபார்க்க முடிந்தது. உலக வானிலை அமைப்பு 2020 செப்டம்பரில்தான் அதை ஏற்றது, கிட்டத்தட்ட 29 ஆண்டு கழித்து. சோதனைக் குறிப்புகள் இல்லை என்றால் அந்த இரவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் பிழையை எழுதிவையுங்கள் என்று நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்று இப்போது புரியும்.

பாதரசத்தைப் பற்றி மேலே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனேன், அதையும் முடித்துவிடுகிறேன். 1735 ஜனவரியில் சைபீரியாவின் யெனிசெய்ஸ்கில் க்மேலின் என்ற ஆய்வாளரின் பாதரச வெப்பமானி மைனஸ் 120 பாரன்ஹீட் காட்டியது. நம் கணக்கில் மைனஸ் 84. பல ஆண்டு மக்கள் அதை நம்பினார்கள். பாதரசம் உறையும் என்றே அப்போது யாருக்கும் தெரியாது. உறையும்போது அது சட்டென்று சுருங்கிக் குழாயில் எக்கச்சக்கமாக இறங்கிவிடும். 1759 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பாதரசத்தைத் திடமாக உறைய வைத்துக் காட்டிய பிறகுதான் புரிந்தது. க்மேலின் கண்ணில் பட்டதைத்தான் எழுதினார், அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கருவியின் எல்லை எது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஆற்றோரம் (9 நாள் கழித்து):

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். பனிக்கட்டிக் கூழில் திரை மைனஸ் 0.9 காட்டியது, மூன்று முறை செய்தும் அதேதான். வெள்ளைத் தட்டு ஐந்து அடுக்கிக் கூரை கட்டினேன், கம்பத்தைத் தலை உயரத்துக்கு ஏற்றினேன். பேட்டரியும் மாற்றியாயிற்று.

இன்று காலை மறுபடி தெளிந்த வானம். என் திரை மைனஸ் 43.1, பிழையைக் கழித்தால் மைனஸ் 42 சொச்சம். விமான நிலையம் மைனஸ் 37. புகை நேராக ஏறி, மரங்களுக்கு மேலே ஒரு மட்டத்தில் படுத்துக்கொண்டது. லாரிச் சத்தம் வாசலிலேயே கேட்டது. மகனை வெளியே நிற்க வைத்து அதைக் கேட்கச் சொன்னேன், ஒரு நிமிடம் மட்டும். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து பேருந்துக்குக் காத்திருந்தோம். 14 நிமிடம் தாமதமாக வந்தது.

பள்ளத்தாக்கில் வேறு நாலு வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பேருந்தில்தான் போகிறார்கள். என் எண்ணைக் காலை 6.45க்கு அவர்கள் அம்மாக்களுக்கும் அனுப்ப ஆரம்பித்திருக்கிறேன். நோட்டை இப்போது மகன்தான் எழுதுகிறான். முதல் பக்கத்தில் "0.9 கழிக்கவும்" என்று சிவப்பில் எழுதி, அதைச் சுற்றிக் கட்டம் கட்டியிருக்கிறான்.